அச்சுக்கு முன்னால் அதைப் படித்தவர் யார்?
ஆய்வு நூல் பதிப்பு: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்விகள் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. வந்த கடிதங்களில் பாதி ஒரே கவலையைச் சொல்கின்றன. அதனால் முதல் கேள்விக்கு நீளமாக எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என்னைப் பற்றிக் கேட்டிருந்த வாசகருக்கு: 1988இல் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்பு பார்ப்பவளாகச் சேர்ந்தேன். வரலாறு, மானிடவியல், மொழியியல் நூல்களின் பதிப்பாசிரியராக இருந்து 2019இல் ஓய்வு பெற்றேன்.

*கடலோரச் சந்தைகளைப் பற்றி ஆய்வு செய்து வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றேன். வாய்மொழித் தேர்வு முடிந்த மறுவாரமே ஒரு பதிப்பகத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 18,000 ரூபாய் கட்டினால் பதினைந்து நாளில் ஐஎஸ்பிஎன் எண்ணுடன் நூல் தயாராகிவிடுமாம். இருபது படிகள் வீடு தேடி வருமாம். உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க நூல் வேண்டும். கட்டலாமா?*
— ஆய்வாளர், திருநெல்வேலி

கட்ட வேண்டாம் அம்மா. உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி பன்னாட்டுப் பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 12 மதிப்பெண், தேசியப் பதிப்பகம் வெளியிட்டதற்கு 10, தொகுப்பு நூலில் ஓர் இயலுக்கு 5. வேலை தேடும் பிள்ளைகள் இந்த எண்களைப் பார்த்துப் பதறுவதில் வியப்பில்லை. அந்தப் பதற்றத்தை நம்பித்தான் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியவர் கடை விரித்திருக்கிறார்.

ஐஎஸ்பிஎன் என்பது ஓர் அடையாள எண், அவ்வளவுதான். 2007 முதல் அது பதின்மூன்று இலக்கம். முதலில் 978, பிறகு இந்தியாவுக்கு உரிய 81 அல்லது 93, அடுத்து பதிப்பாளர், தலைப்பு, கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். உள்ளே இருப்பது சரியா தவறா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதைக் கட்டணமின்றி வழங்குகிறது. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை முன்னால் வைத்து உங்களிடம் பதினெட்டாயிரம் கேட்கிறார்கள்.

2014இல் ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இப்படிப் பணம் கட்டி வெளியிட்ட தன் நூலைச் செம்மையாக்கி மறுபடி வெளியிட முடியுமா என்று கேட்டார். திறந்து பார்த்தேன். 'முனைவர் பட்டத்திற்காக அளிக்கப்படும் ஆய்வேடு' என்ற முகப்பு அப்படியே இருந்தது. நெறியாளரின் சான்றிதழ், கையெழுத்தோடு அச்சாகியிருந்தது. பாமினி எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியபோது உடைந்த எழுத்துகள் மேற்கோள்கள் நெடுகச் சிதறிக் கிடந்தன. அவர் பார்த்த ஆய்வோ உண்மையிலேயே நல்ல ஆய்வு. மூன்று மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகள். எங்களால் எடுக்க முடியவில்லை. அவர் கையெழுத்திட்ட ஒரு பக்க ஒப்பந்தத்தில் பதிப்புரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்திருந்தார். அன்று அவர் படியிறங்கிப் போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

நல்ல பதிப்பகங்களும் சில சமயம் பணம் பற்றிப் பேசும். குறிப்பிட்ட படிகளை நீங்களே வாங்கிக்கொள்ளச் சொல்லலாம்; ஏதாவது அறக்கட்டளையின் நல்கை கிடைக்குமா என்று கேட்கலாம். அதில் ஏமாற்று இல்லை. எது முன்னால், எது பின்னால் என்பதைப் பாருங்கள். நேர்மையான பதிப்பகம் முதலில் படிக்கும், மற்றொரு அறிஞரிடம் கொடுத்துப் படிக்கச் செய்யும், குறை சொல்லும், திருத்தச் சொல்லும். பணப்பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, "என் ஆய்வேட்டை உங்களிடம் யார் படித்தார்? அவருடைய கருத்தை எழுத்தில் அனுப்புவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கும், அல்லது விரைவில் ஏறும். யாரும் காசில்லாமல் படிக்கலாம். அதையே அட்டை போட்டு விற்றால் எந்த நூலகம் வாங்கும்? நேர்காணல் நெருங்கிவிட்டது என்றால் உங்கள் சிறந்த இயலைக் கட்டுரையாக்கி ஒரு நல்ல இதழுக்கு அனுப்புங்கள். நூலை இரண்டு ஆண்டு கழித்து எழுதுங்கள்.

*'ஆய்வேட்டை நூலாக்க வேண்டும்' என்கிறார்கள். ஆய்வேடு நூல் இல்லையா? என்ன மாற்ற வேண்டும்?*
— விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கேட்பதால் உங்கள் ஊர்க்காரர்கள் இருவரையே சொல்கிறேன். கைலாசபதி, சிவத்தம்பி இருவரும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். கைலாசபதியின் சங்க வீரயுகப் பாடல் ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் நூலாக வந்தது. சிவத்தம்பி பட்டம் பெற்றது 1970இல். பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய அவருடைய நூல் சென்னையில் நியூ செஞ்சுரி வழியாக வந்தது 1981இல். ஒன்று வேகமாக வந்தது, மற்றொன்று பதினொரு ஆண்டு எடுத்துக்கொண்டது. இரண்டுமே இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆகவே தாமதத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஆய்வேட்டைப் படிப்பவர்கள் உங்களைச் சோதிக்க நியமிக்கப்பட்டவர்கள். நீங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டீர்கள் என்று அவர்களுக்கு நிரூபித்தாக வேண்டும். நூலை எடுப்பவருக்கு அது வேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். எனவே முன்னாய்வுகள் பற்றிய இயலை எடுத்துவிடுங்கள். அதில் உங்கள் வாதத்துக்கு உண்மையில் எதிர்நிற்பவர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்களை அந்தந்த இடத்தில் எதிர்கொள்ளுங்கள். ஒவ்வொரு இயலின் முடிவிலும் 'இவ்வியலில் கண்ட முடிவுகள்' என்று எண்ணிட்டுச் சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பீர்கள், அதையும் வெட்டுங்கள். கோட்பாட்டாளர்களின் பெயர் வரும் பத்திகளைத் தனியே படித்துப் பாருங்கள். அந்தப் பெயரை எடுத்துவிட்டாலும் உங்கள் கருத்து நிற்கிறதென்றால், பெயர் போகட்டும்.

பின்னிணைப்பைக் கட்டாயம் திரும்பப் பாருங்கள். பட்டு நெசவாளர்களைப் பற்றிய ஓர் ஆய்வேடு என்னிடம் வந்தது. முதல் எண்பது பக்கம் கோட்பாடு. கண் சோர்ந்து கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், பின்னிணைப்பில் ஒரு குடும்பத்தின் பதினேழு ஆண்டுக் கடன் கணக்கு அப்படியே இருந்தது. எந்தத் திருமணத்துக்கு எவ்வளவு வாங்கினார்கள், எந்தப் பண்டிகைக்கு எவ்வளவு திருப்பினார்கள், எந்த ஆண்டு தறியே அடகுக்குப் போனது என்று. ஆசிரியரைக் கூப்பிட்டு, "உங்கள் நூல் இங்கே தொடங்குகிறது" என்றேன். அவருக்கு முதலில் கோபம் வந்தது. எட்டு மாதம் கழித்து வந்த படியில் அந்தக் கணக்குத்தான் முதல் இயல்.

அடுத்த துறையில் வேலை பார்க்கும் ஒரு நண்பரை மனத்தில் வைத்து எழுதுங்கள். பொருளியலில் இருப்பவர் உங்கள் இலக்கிய ஆய்வைப் படித்து விளங்கிக்கொண்டால் அது நூல்.

*நூலின் கடைசியில் பெயர், பொருள் அடைவு (எது எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பட்டியல்) கட்டாயம் வேண்டுமா? பிடிஎஃப்பில் தேடினால் கிடைத்துவிடுமே. பதிப்பகம் என்னையே தயாரிக்கச் சொல்கிறது.*
— பேராசிரியர், தஞ்சாவூர்

வேண்டும். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்காகவே உங்களுக்கு ஒரு மணி நேரம் பேச ஆசைப்படுகிறேன்.

தேடுபொறி சொல்லைத் தேடும், பொருளைத் தேடாது. பஞ்சத்தைப் பற்றிய ஒரு பக்கத்தில் 'பஞ்சம்' என்ற சொல்லே வராமல் இருக்கலாம். கஞ்சித்தொட்டி, ஊரை விட்டுப் போனவர்கள், விதைநெல்லைத் தின்றது என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். அந்தப் பக்கத்தைப் 'பஞ்சம்' என்ற தலைப்பின்கீழ் கொண்டுவர, படித்துப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் வேண்டும். மறுபக்கம், 'நிலம்' என்று தேடினால் முந்நூறு இடம் காட்டும். அதில் நிலவுரிமை எது, நிலவரி எது, திணை சார்ந்த நிலம் எது என்று பிரித்துத் தருவதும் அடைவுதான்.

நம் பெயர்கள் இன்னும் கடினம். உ.வே. சாமிநாதையரை ஆங்கில நூல்களின் அடைவில் தேடிப் பாருங்கள். சிலர் எஸ் எழுத்தில் வைத்திருப்பார்கள். தமிழ் லெக்சிகன் ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றுபவர்கள் சி எழுத்தில் வைப்பார்கள். ஐயர் என்பதைக் குடும்பப் பெயராக எண்ணி ஐ எழுத்தில் வைத்தவர்களும் உண்டு. ஒரே நூலுக்குள் மூன்று இடத்தில் மூன்று பேராக அவர் பிரிந்து கிடந்ததை நானே கண்டு ஒன்றுசேர்த்திருக்கிறேன். தலைப்பெழுத்தும் பெயருமாக வாழும் நம்மைக் குடும்பப் பெயர் கேட்கும் முறைக்குள் அடைக்கும்போது, யாரை எங்கே வைப்பது என்று நூலாசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் பதிப்பகம் உங்களையே கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அந்த ஐயரவர்கள்தான் இதில் நமக்கு வழிகாட்டி. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பாடலையும் உரையையும் மட்டும் தந்து அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு, அரும்பத அகராதி என்று உள்ளே நுழையப் பல வாசல்களை வைத்தார். தி.வே. கோபாலையர் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்துக்காகத் தேவாரம் பதிப்பித்தபோது 1984, 1985இல் இரண்டு தொகுதிகளில் மூலம் வந்தது. 1991இல் ஆய்வுத்துணை தனியாக ஒரு தொகுதியாகவே வந்தது.

எப்படிச் செய்வது? பக்க எண்கள் முடிவான பிறகு தொடங்குங்கள். அதற்கு முன் செய்தது வீண். நான் அஞ்சலட்டைகளைப் பாதியாக வெட்டி ஒரு பிஸ்கெட் டப்பாவில் அடுக்கி வைத்துச் செய்தவள். இப்போது கணினியில் ஒரு பட்டியல் போதும். ஒரு தலைப்புக்கு எதிரே பத்துக்கு மேல் பக்க எண்கள் சேர்ந்தால் உட்தலைப்புகளாகப் பிரியுங்கள். 300 பக்க நூலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். செய்து முடிக்கும்போது உங்கள் நூலில் எதைப் பேசாமல் விட்டீர்கள் என்பதும் தெரிந்துவிடும். அச்சுக்கு முந்தைய வாரத்தில் அது தெரிவது வேதனைதான். தெரியாமலே போவது அதைவிட வேதனை.

*ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்தின் சமூகவியல் நூல் 9,000 ரூபாய். கல்லூரி நூலகத்தில் இல்லை. நகல் எடுத்துப் படிப்பது தவறா? ஏன் இவ்வளவு விலை?*
— முதுகலை மாணவர், மதுரை

முதலில் சட்டம். 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி நகலகத்தின் மீதும் வழக்குத் தொடர்ந்தன. பாடத்துக்கான பக்கங்களைத் தொகுத்து நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுத்ததுதான் புகார். 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வும் கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்ற நிலையையே எடுத்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனியாகவே அனுமதிக்கிறது. இரண்டு இயலை நகலெடுத்துப் படியுங்கள் தம்பி, மனம் உறுத்த வேண்டாம். முழு நூலையும் அடித்து விற்பது வேறு.

விலைக்கு வருகிறேன். ஒரு பதிப்பகத்தில் இருந்தவள் என்ற முறையில் நான் பதிப்பகங்களுக்குப் பரிந்து பேசுவதாக நினைக்காதீர்கள். 2016இல் இத்தாக்கா என்ற ஆய்வமைப்பு அமெரிக்காவின் 20 பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் வெளியிட்ட 382 நூல்களின் செலவைக் கணக்கெடுத்தது. மிகக் குறைந்த செலவில் முடிந்த நூலுக்கே 15,000 டாலருக்கு மேல். தாள், அச்சு, கட்டுமானம் எதுவும் இதில் சேரவில்லை. ஊழியர்களின் நேரம்தான் பெருஞ்செலவு: படிப்பது, தேர்ந்தெடுப்பது, திருத்துவது. அந்தச் செலவை ஆயிரம் படிகளில் பரப்பினால் விலை இறங்கும். நூலகங்கள் மட்டுமே வாங்கும் என்று முடிவு கட்டி இருநூறு, முந்நூறு படி அடிக்கும்போது ஒவ்வொரு படியின் தலையிலும் சுமை ஏறுகிறது. விலை ஏற ஏற நூலகங்களும் வாங்குவதைக் குறைக்கின்றன. இந்தச் சுழல் எனக்குக் கவலை தருகிறது. இதை நியாயம் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. தெற்காசியாவுக்கான மலிவுப் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள் என்று என்னிடம் வந்த நூலாசிரியர்கள் எல்லோரிடமும் ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்வேன்.

நீங்கள் செய்யக்கூடியவை: அந்த நூலுக்கு இந்தியப் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; பல சமயம் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தன் நூலைக் கேட்டு மதுரையிலிருந்து ஒரு மாணவர் எழுதினால் மகிழாத ஆய்வாளரை நான் கண்டதில்லை. யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய திறந்த அணுக்க நூல்களுக்கென்றே இணையத்தில் பொது அடைவு இருக்கிறது. கேம்பிரிட்ஜில் 2008இல் தொடங்கிய ஓப்பன் புக் பப்ளிஷர்ஸ் தன் நூல்கள் அனைத்தையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தருகிறது. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய வெளியீடுகள் பல ஓப்பன் எடிஷன் தளத்தில் இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது.

*பதிப்பகம் என் நூலைப் படிக்கக் கொடுத்த இரண்டு மதிப்பீட்டாளர்களில் ஒருவர் பாராட்டினார். மற்றவர் 'இதில் புதிதாக ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டார். மனம் உடைந்துவிட்டது.*
— பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

அறிக்கையை ஒரு வாரம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு எடுத்து, இரண்டாமவர் எந்தப் பக்க எண்களைக் குறிப்பிடுகிறார் என்று மட்டும் பாருங்கள். பக்கம் குறிப்பிட்டுக் குறை சொல்பவர் உங்களைப் படித்திருக்கிறார். அவர் சொல்வது கசந்தாலும் மருந்து. அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அப்படிப் புரிந்துகொள்ள இடம் கொடுத்த பத்தி எது என்று கண்டுபிடித்துத் திருத்துங்கள். ஒரு பக்கம்கூடக் குறிப்பிடாமல் ஒரே வரியில் தள்ளியிருந்தால், மரியாதையாக அதைச் சுட்டிக்காட்டி மூன்றாமவரிடம் அனுப்பும்படி பதிப்பாசிரியரைக் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நான் பலமுறை அனுப்பியிருக்கிறேன்.

*ஆங்கிலத்தில் எழுதுவதா, தமிழிலா?*
— ஆய்வு மாணவர், சென்னை

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு நூல் நாங்கள் ஆங்கிலத்தில் வெளியிட்டோம். ஆசிரியர் ஒரு படியை எடுத்துக்கொண்டு, தனக்கு நான்கு ஆண்டு தகவல் சொன்ன முதியவரிடம் போனார். அவர் நூலை இரண்டு கையாலும் வாங்கிப் புரட்டிவிட்டு, "நான் சொன்னது எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம். ஆசிரியர் பக்கத்தைக் காட்டினார். முதியவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் அவர்.

ஆங்கிலத்தில் எழுதுங்கள், உலகம் படிக்கட்டும். ஒப்பந்தத்தில் தமிழ் உரிமையை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு தமிழில் நீங்களே எழுதுங்கள், அடிக்குறிப்புகளோடு. தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பு வேண்டாம் என்று சொல்லும் பதிப்பாளரை நம்பாதீர்கள். முந்நூறு படி விற்க மூன்று ஆண்டு ஆகும், நூலகங்களுக்கு வாங்க அரசின் ஆணை வருமா என்று பதிப்பாளர் காத்திருப்பார், தெரிந்தே சொல்கிறேன். இங்கிருந்தே உலகத்தை எட்டலாம் என்பதற்கு ஐராவதம் மகாதேவனின் தமிழ்–பிராமிக் கல்வெட்டு நூல் இருக்கிறது. 2003இல் சென்னை க்ரியாவும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்டன. இங்கே உருவான நூல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் 62ஆம் தொகுதியாகப் போய் நின்றது.

*எனக்கு 71 வயது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முப்பது ஆண்டுகளாக எங்கள் ஊர் நில ஆவணங்களையும் கோயில் கணக்குகளையும் சேர்த்து வைத்திருக்கிறேன். முனைவர் பட்டம் இல்லாதவனின் எழுத்தை ஆய்வுப் பதிப்பகங்கள் பார்க்குமா?*
— வாசகர், கும்பகோணம் அருகே

ஐயா, மகாதேவன் ஐஏஎஸ் அதிகாரியாக இருந்தவர், பேராசிரியர் அல்லர். பிற்காலச் சோழர் வரலாற்றை எழுதிய சதாசிவப் பண்டாரத்தார் நெடுங்காலம் உங்கள் கும்பகோணத்தில் பாணாதுரைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். அந்த நூலை வெளியிட்டது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். பார்ப்பார்கள். முதலில் நான் பார்க்கிறேன்.

மூல ஆவணம் எதையும் யாருக்கும் அஞ்சலில் அனுப்பாதீர்கள், எனக்கும் வேண்டாம். இருபது பக்கத்துக்கு மட்டும் நகல் எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு தாளும் யார் வீட்டில், எந்த ஆண்டு, என்ன நிலையில் உங்களுக்குக் கிடைத்தது என்று தனித்தாளில் உங்கள் கையால் எழுதி வையுங்கள். அது உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.